குட்டியின் எடை சொல்லும் செய்தி

ஒரு குட்டி நன்றாக வளர்கிறது என்பதை எதைக் கொண்டு சொல்கிறோம்? கண்ணில் தெளிவு, மேனியில் பளபளப்பு, தீவனத்தைக் கண்டதும் ஓடி வரும் ஆவல் ஆகியவற்றைக் கொண்டுதான். கன்றையும் ஆட்டுக்குட்டியையும் வளர்த்துப் பழகியவர்களின் கண் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆயினும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நாள்தோறும் பார்க்கும் உருவத்தில் சிறுகச் சிறுக நேரும் மாற்றம் நமக்குப் புலப்படுவதில்லை. அடர்ந்த மயிருள்ள சிறு பிராணியாக இருந்தால் உள்ளே உடல் இளைப்பது அறவே தெரியாது. கினிப்பன்றி அத்தகைய ஒரு பிராணி.

இப்பிராணி முன்பெல்லாம் ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்தது. இன்று வீடுகளுக்கும் வந்துவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் போன்ற சிற்றூர்களிலும் நகரத்துக் கடைகளிலிருந்து வாங்கி வந்து சிலர் வளர்க்கிறார்கள். வாங்கிய குட்டிகளுள் சில, காரணம் தெரியாமலே ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகின்றன. ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது’ என்பார்கள். உண்மையில் அது நேற்றும் நன்றாக இல்லை. அதற்கு முந்திய வாரமும் நன்றாக இல்லை. கண் காணத் தவறியதைத் தராசு முன்பே காட்டியிருக்கும். அது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பிறப்பும்

கினிப்பன்றி பன்றியும் அன்று. ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றைப் போல இதுவும் கொறிக்கும் பிராணிகளின் இனத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. பெரு, பொலிவியா முதலிய நாடுகளின் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதனை உணவுக்காக வீட்டில் வளர்த்து வருகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கப்பல்கள் வழியாக இது ஐரோப்பாவுக்குச் சென்றது.

இதன் குட்டிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. வீட்டு எலியின் குஞ்சுகளை நாம் பார்த்திருக்கிறோம். மயிரின்றி, கண் திறவாமல், இளஞ்சிவப்புச் சதைத்துண்டுகள் போலக் கிடக்கும். எலி தன் குஞ்சுகளை ஏறத்தாழ 22 நாள்களே வயிற்றில் சுமக்கிறது. கினிப்பன்றியோ 59 முதல் 72 நாள்கள் வரை சுமக்கிறது. ஆகையால் அதன் குட்டி மயிர் போர்த்து, கண் திறந்து, பல் முளைத்தே பிறக்கிறது. பிறந்த சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கும். ஓரிரு நாள்களில் புல்லைக் கொறித்துப் பார்க்கும். பார்ப்பதற்குத் தாயின் சிறிய படி போலவே இருக்கும்.

இத்தோற்றமே நம்மை ஏமாற்றுகிறது. ‘இதுதான் புல் தின்கிறதே, இனித் தாய் எதற்கு?’ என்று எண்ணிச் சிலர் முதல் வாரத்திலேயே குட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். இது தவறு. ஏறத்தாழ மூன்று வாரம் வரை குட்டிக்குத் தாய்ப்பால் தேவை. மூன்று வாரம் ஆனபின் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் பெண் குட்டிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். ஏனெனில் பெண் குட்டிகள் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள்ளேயே கருத்தரிக்கக் கூடியவை. தன் வளர்ச்சி முடியாத குட்டி, வயிற்றில் வேறு குட்டிகளையும் வளர்க்க நேர்ந்தால் இரண்டும் கெடும்.

குட்டிகளின் எடை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

பிறந்தபோது: 70 முதல் 100 கிராம்
3 வாரத்தில்: 160 முதல் 250 கிராம்
8 வாரத்தில்: 350 முதல் 500 கிராம்
முழு வளர்ச்சியில் பெண்: 700 முதல் 900 கிராம்
முழு வளர்ச்சியில் ஆண்: 900 முதல் 1200 கிராம்

ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றின் எடையும் குறையும். பிறந்த முதல் இரண்டொரு நாளில் எடை சிறிது இறங்குவதும் உண்டு; அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அதன்பின் நாள்தோறும் 3 முதல் 7 கிராம் வரை ஏற வேண்டும். மனிதக் குழந்தை தன் பிறப்பெடையைப்போல் இரு மடங்காக ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகிறது. கினிப்பன்றிக் குட்டிக்கு இரண்டரை வாரம் போதும். இவ்வளவு விரைவாக வளரும் உடலில் ஒரு வாரத் தடங்கலும் பெரிய இழப்பாகும்.

வரவும் செலவும்

எடை ஏன் இவ்வளவு நுட்பமாக உடல்நிலையைக் காட்டுகிறது? இதனைப் புரிந்துகொள்ள உயிரியலிலிருந்து சற்று இயற்பியலுக்கு வருவோம்.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியர் என்ற வேதியியலறிஞரும் லாப்லாஸ் என்ற கணிதமேதையும் ஒரு சோதனை செய்தார்கள். சுற்றிலும் பனிக்கட்டி நிரம்பிய ஒரு பாத்திரத்தின் நடுவே கினிப்பன்றி ஒன்றை வைத்தார்கள். அதன் உடலிலிருந்து வெளிப்பட்ட வெப்பம் பனிக்கட்டியை உருக்கியது. உருகி வடிந்த நீரை நிறுத்தார்கள். பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 13 அவுன்ஸ், அதாவது இன்றைய கணக்கில் 400 கிராம் பனிக்கட்டி உருகியது தெரிந்தது. அப்பிராணி வெளியிட்ட கரியமில வாயுவின் அளவையும் கண்டார்கள். அதே அளவு வாயு வெளிவரக் கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்று கணக்கிட்டபோது ஏறத்தாழ 10½ அவுன்ஸ் வந்தது. இரண்டும் முற்றிலும் பொருந்தவில்லை; ஆனால் நெருங்கி வந்தன. மூச்சு விடுதல் என்பதும் ஒருவகை மெதுவான எரிதலே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே தொடரலாம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 400 கிராமுக்கு 32,000 கலோரி. இதனைப் பத்து மணி நேரத்துக்கு வகுத்தால் ஏறத்தாழ 3.7 வாட் வரும். அதாவது, படுக்கையறையில் எரியும் சிறிய இரவு விளக்கு அளவுக்கு அந்தச் சிறிய பிராணி இடைவிடாமல் வெப்பத்தை வெளியிட்டிருக்கிறது. பனிக்கட்டியின் குளிரில் இருந்ததால் இயல்பான அளவைவிட இது சற்று மிகுதி எனலாம்.

இவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? உண்ட உணவிலிருந்துதான். ஆகவே உடலையும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காகக் கருதலாம். உணவு வரவு. உடலின் சூட்டைக் காப்பதும், இதயமும் நுரையீரலும் இயங்குவதும், ஓடி ஆடுவதும், நோயோடு போராடுவதும் தள்ளிப்போட முடியாத செலவுகள். இச்செலவெல்லாம் போக எஞ்சுவதே வளர்ச்சி. குடும்பத்தில் வரவு சிறிது குறைந்தாலும், எதிர்பாராத செலவு வந்தாலும் முதலில் அடிபடுவது சேமிப்பே. அன்றாட அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்; பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. அதுபோலவே குட்டியின் உடலில் ஏதேனும் குறை நேரும்போது ஓட்டமும் ஆட்டமும் தொடர்ந்து நடக்கும். எடை ஏறுவது மட்டும் நின்றுவிடும். வளர்ச்சி தடைப்படுவதே முதல் அறிகுறியாக இருப்பதன் காரணம் இதுதான்.

சிறிய உடலின் பெரிய செலவு

குட்டியின் வரவு செலவு பெரிய பிராணியினுடையதைவிட நெருக்கடியானது. 100 கிராம் குட்டியையும் 800 கிராம் தாயையும் கனசதுரங்களாகப் பாவித்துக்கொள்வோம். உடல் பெரும்பாலும் நீரே என்பதால் 100 கிராமுக்கு 100 கனசென்டிமீட்டர் எனலாம். குட்டியாகிய கனசதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 4.6 செ.மீ.; தாயினுடையது 9.3 செ.மீ. பக்கம் இரு மடங்கு, மேற்பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. வெப்பத்தை உண்டாக்குவது உடலின் திசுக்கள். அதனை வெளியே விடுவது மேற்பரப்பு. குட்டிக்கு ஒரு கிராம் எடைக்கு 1.3 சதுர சென்டிமீட்டர் பரப்பு, தாய்க்கு 0.65 மட்டுமே. எனவே கிராமுக்குக் கிராம் பார்த்தால் குட்டி தாயைவிட ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தை இழக்கக் கூடும். மார்கழிக் குளிரில் ஈரமான படுக்கையில் கிடக்கும் குட்டி எவ்வளவு தின்றாலும் எடை ஏறாமலிருப்பது இதனால்தான். தின்றதெல்லாம் சூட்டுக்கே சரியாகிவிடுகிறது.

சித்திரை வைகாசியில் வேறொரு தொல்லை. கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு. 30 டிகிரிக்கு மேல் அது துன்புறும். வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தகரக் கூரையின் கீழும், காற்றோட்டமற்ற ஓட்டு வீட்டின் மூலையிலும் பிற்பகலில் வெப்பம் மிகும்போது அது தீவனத்தைத் தொடாது. வரவு நின்றுவிடும். மிஞ்சினால் வெப்பத் தாக்கால் சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும். கூண்டைத் தரையோடு நிழலில் வைப்பதும், மேலே ஈரச் சாக்கைத் தொங்கவிடுவதும், படுத்துக்கொள்ள ஒரு மண் ஓட்டை உள்ளே போடுவதும் நல்லது. மண் சட்டியில் நீர் குளிர்வதும் ஈரச் சாக்கு காற்றைக் குளிர்விப்பதும் ஒரே தத்துவத்தால்தான்: நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்தின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது.

ஒரு நொதி இல்லாத குறை

வரவு செலவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. வயிறார உண்டும் குட்டி தேய்வது உண்டு.

நாய், பூனை, மாடு, எலி, முயல் ஆகிய பிராணிகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே குளுக்கோசிலிருந்து ஆக்கிக்கொள்கின்றன. அந்த ஆக்கத்தின் இறுதிப் படிக்கு ஒரு குறிப்பிட்ட நொதி வேண்டும். அந்த நொதி கினிப்பன்றிக்கு இல்லை. குரங்கினம் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. இந்த ஒரு குறையினால் கினிப்பன்றியும் மனிதனும் ஒரே படகில் இருக்கிறார்கள்.

இவ்வுண்மை எதிர்பாராமல் வெளிப்பட்டது. 1907-இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரு அறிஞர்கள், கப்பல் மாலுமிகளிடையே காணப்பட்ட பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்தார்கள். பெரிபெரி வரவில்லை, ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்தது. காய்கறிகளைச் சேர்த்ததும் நோய் விலகியது. அதுமுதல் ஸ்கர்வியை ஆராய்வோர் கைக்கொண்ட பிராணி கினிப்பன்றியே. சென்ட்-கியார்கி என்ற ஹங்கேரிய அறிஞர் 1928-இல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள்தான் வைட்டமின் சி என்பது, 1932-இல் கினிப்பன்றிகளைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டது. அவருக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கம்பைநல்லூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு குட்டிகளை வாங்கி வந்து சோறும் பிஸ்கட்டும் முயலுக்கான உலர் தீவனமும் கொடுத்தார்கள். இரண்டும் நன்றாகத் தின்றன. மூன்றாம் வாரத்தில் ஒன்று பின்னங்காலை இழுத்து நடந்தது. தூக்கினால் வலியால் கீச்சிட்டது. அடிபட்டிருக்கும் என்று எண்ணி எண்ணெய் தடவினார்கள். நான்கு நாளில் அது இறந்தது. மற்றதைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றபோது, ‘பச்சைத் தீவனமே கொடுக்கவில்லையா?’ என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மருந்தும் நெல்லிக்காயும் பசும்புல்லும் அதனைக் காப்பாற்றின. முயல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே ஆக்கிக்கொள்வதால் முயல் தீவனத்தில் அதனைச் சேர்ப்பதில்லை என்பதை அந்த வீட்டார் எப்படி அறிவார்கள்?

வைட்டமின் சி இல்லாத உணவில் நோய்க்குறிகள் ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களில் தோன்றும். மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும், மயிர் சொரசொரப்பாகும், பல் ஆடும். ஆனால் இவையெல்லாம் தெளிவாகத் தெரியும் முன்னரே எடை ஏற்றம் தளர்ந்துவிடும்.

குன்னூரில் நிறுத்த எலிகள்

இளம் பிராணியின் எடையைக் கொண்டு உணவின் தரத்தை அறியும் முறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஸ்கர்வி விளைவிக்கும் உணவைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்து, அவற்றின் அட்ரினல் சுரப்பிகளில் ஏற்படும் மாறுதல்களை ஆராய்ந்து 1919-இல் வெளியிட்டார். சிறிய அளவில் தொடங்கிய அப்பணி வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாயிற்று. 1958-இல் அது ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவருகிறது.

குன்னூர்ச் சோதனைகளுள் மிகவும் பேசப்பட்டது எலிகளைக் கொண்டு செய்ததாகும். ஒரே வயதும் எடையும் உள்ள இளம் எலிகளை ஏழு குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று அமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிக் கழுவிய அரிசியே மிகுந்து, பருப்பும் காய்கறியும் பாலும் குறைந்திருந்த, ‘மதராசி’ உணவு என்று அவர் குறித்ததை உண்ட எலிகளின் சராசரி எடை 155 கிராம். எல்லாம் ஒரே இன எலிகள். வேறுபட்டது உணவு மட்டுமே.

இதனைக் கொண்டு ஒரு பகுதி மக்களை உயர்ந்தவர் என்றும் மற்றவரைத் தாழ்ந்தவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. எலிக்கு ஏற்றதெல்லாம் மனிதனுக்கும் ஏற்றது என்றும் ஆகாது. அரிசி குற்றமுள்ளது என்பதும் இதன் பொருளன்று. தவிட்டை நீக்கி, கழுவி, வடித்து, வேறு எதுவும் போதிய அளவு சேர்க்காமல் உண்ணும்போதுதான் குறை நேர்கிறது. வயிறு நிரம்புவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதைத் தராசு முள் கண்கூடாகக் காட்டியது என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டியது.

நம் பகுதித் தீவனம்

கினிப்பன்றிக்கு அடிப்படை உணவு புல்லே. அதன் பற்கள் அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய்ந்து அளவோடு இருக்கும். மென்மையான உணவே கொடுத்தால் கடைவாய்ப் பற்கள் நீண்டு நாக்கை அழுத்தும். பசியிருந்தும் தின்ன முடியாமல் குட்டி மெலியும். குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழவும் நார் வேண்டும். பென்சிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகள் இந்நுண்ணுயிர்களைக் கெடுத்துக் கினிப்பன்றியைக் கொன்றே விடக்கூடும். ஆகவே வீட்டிலுள்ள மருந்தை நாமாகவே கொடுப்பது பேராபத்து.

உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். அருகம்புல் எங்கும் கிடைப்பது, நல்லது. கம்பைநல்லூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து கொண்டு வருபவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பூச்சிமருந்து அடித்த இடத்துப் புல்லும் கீரையும் ஆகா. இரண்டாவது, இளஞ்சோளப் பயிரைக் கொடுக்கக் கூடாது. அதில் சயனைடு நஞ்சு தோன்றும் என்பதையும், அதனை மேய்ந்த மாடு விழுந்துவிடும் என்பதையும் நம் உழவர்கள் அறிவார்கள். மூன்றாவது, பூஞ்சை பிடித்த நிலக்கடலைக் கொடியும் பிண்ணாக்கும் கூடா. பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

வைட்டமின் சி-க்கு விலையுயர்ந்த மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. வளரும் குட்டிக்கு ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் என்று கொண்டால், 300 கிராம் குட்டிக்கு 9 மில்லிகிராம் போதும். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. எனவே 5 கிராம் எடையுள்ள ஒரு சிறு துண்டு கொய்யாவே அன்றையத் தேவையைத் தந்துவிடும். நெல்லிக்காய், கொத்தமல்லித் தழை, குடைமிளகாய் ஆகியவையும் ஏற்றவை. பழம் இனிப்பென்று அள்ளிக் கொடுத்தால் வயிறு கெடும். முருங்கைக்கீரை போன்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த கீரைகளை அளவோடுதான் கொடுக்க வேண்டும். மிகுந்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும். வைட்டமின் சி காற்றாலும் வெப்பத்தாலும் அழியக்கூடியது. ஆகையால் வாடிய கீரையையும், முதல்நாள் தண்ணீரில் கலந்து வைத்த மாத்திரையையும் நம்ப வேண்டாம்.

நிறுக்கும் முறை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். தராசின் மேல் ஆழமான பாத்திரம் ஒன்றை வைத்து, சுழி காட்டும்படி செய்து, குட்டியை உள்ளே விடுங்கள். அது அசைவதால் எண்கள் மாறும். மூன்று முறை குறித்துச் சராசரி எடுங்கள்.

ஆர்வத்தால் நாள்தோறும் நிறுப்பவர்கள் குழம்பிப் போவார்கள். இன்று 4 கிராம் ஏற்றம், நாளை 3 கிராம் இறக்கம் என்று வரும். வயிற்றிலுள்ள தீவனமும் சிறுநீரும் சேர்ந்தே சில கிராம் எடையுள்ளவை. நாம் அளக்க விரும்பும் ஒருநாள் வளர்ச்சியும் அதே அளவு. அளக்கும் பொருளும் அளவீட்டின் பிழையும் ஒரே அளவாக இருந்தால் விடை பயனற்றது. இது ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த செய்தி. ஒரு வாரம் பொறுத்தால் வளர்ச்சி 30 அல்லது 35 கிராம் ஆகிவிடும். பிழையோ பழைய அளவிலேயே இருக்கும். ஆகவே வாரத்துக்கு ஒருநாள், ஒரே நேரத்தில், காலைத் தீவனத்துக்கு முன் நிறுப்பதே முறை. புதிதாகப் பிறந்த குட்டிகளையும், நோயுற்றவற்றையும் மட்டும் நாள்தோறும் நிறுக்கலாம்.

எண்களை வரைபடத் தாளில் குறியுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு குட்டியின் கணக்கு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: நான்காம் வாரம் 230 கிராம், ஐந்தாம் வாரம் 266, ஆறாம் வாரம் 300, ஏழாம் வாரம் 309, எட்டாம் வாரம் 304. எந்த வாரத்தில் ஆபத்து தொடங்கியது? எட்டாம் வாரம் என்பார்கள், அப்போதுதானே எடை இறங்கியது என்று. ஆனால் ஏழாம் வாரத்திலேயே ஏற்றம் 34 கிராமிலிருந்து 9 கிராமாகச் சுருங்கிவிட்டதைக் கவனியுங்கள். வெறும் எண்ணைப் பார்த்தவர் ‘ஏறித்தான் இருக்கிறது’ என்று மகிழ்ந்திருப்பார். வரைபடத்தைப் பார்த்தவர், கோடு சாய்ந்ததைக் கண்டு அன்றே பல்லையும் தீவனத்தையும் மூட்டையும் சோதித்திருப்பார். அவருக்கு ஒரு வாரம் மிச்சம். அந்த ஒரு வாரத்தில்தான் உயிர் இருக்கிறது.

வயதாக ஆகக் கோடு தானாகவே படுத்து வரும்; அது இயல்பு. 80 கிராம் குட்டிக்கு 5 கிராம் ஏற்றம் என்பது நூற்றுக்கு 6 பங்கு. 500 கிராம் குட்டிக்கு அது நூற்றுக்கு ஒரு பங்கே. மெல்ல வளைந்து படுப்பது வளர்ச்சி முதிர்வதைக் காட்டும். திடீரென்று முறிவது குறையைக் காட்டும். அதுபோல, எடை ஏறுவதெல்லாம் நலமும் அன்று. தனித்து வைக்காத பெண் குட்டியின் எடை விரைந்து ஏறினால் கருவுற்றிருக்கலாம். வயிறு மட்டும் உப்பி எடை ஏறினால் நோயாக இருக்கலாம். தானியமும் இனிப்பும் தின்று கொழுப்பதும் நல்லதன்று. தராசு கேள்வியை எழுப்பும். விடையைக் கண்ணும் கையும் மருத்துவரும் சேர்ந்தே காண வேண்டும்.

குழந்தைக்கும் இதே கணக்கு

தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதே கருத்தை மனிதக் குழந்தைகளிடம் கையாண்டது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார்கள். மிகவும் எடை குறைந்த குழந்தைகளுக்கு மட்டுமன்றி, எடை ஏற்றம் போதிய அளவு இல்லாத குழந்தைகளுக்கும் துணை உணவு கொடுத்தார்கள். ஏறத்தாழ 90 நாள் கொடுத்து, கோடு மீண்டும் நிமிர்ந்ததும் நிறுத்தினார்கள். அதாவது, குழந்தை மெலிந்து கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல், சேமிப்பு நின்ற திங்களிலேயே கைகொடுத்தார்கள்.

இன்றும் அங்கன்வாடிகளில் குழந்தைகளை நிறுக்கிறார்கள். ‘போன மாதம் பத்து கிலோ, இந்த மாதமும் பத்து கிலோ, குறையவில்லையே’ என்று ஆறுதல் கொள்ளும் தாய்மார்கள் உண்டு. குறையாதது போதாது, வளரும் வயதில் நின்றாலே அது செய்திதான். வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ, தாய்ப்பாலோடு சேர்த்துத் தர வேண்டிய உணவைத் தொடங்காததோ, ஏதோ ஒன்று அந்தச் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கும். கேழ்வரகுக் கூழும் பருப்பும் கீரையும் முட்டையும் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே அதைக் கண்டுபிடிப்பது எளிது.

கினிப்பன்றி வளர்க்கும் மாணவர்கள் வாரந்தோறும் ஒரு புள்ளி வைக்கப் பழகட்டும். அதன் பின்னர் தம் வீட்டுத் தம்பி தங்கையின் வளர்ச்சி அட்டையையும் எடுத்துப் பார்க்கட்டும். கோடு எங்கே போகிறது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல அவர்களுக்கு அதற்குமேல் வேறு பாடம் தேவைப்படாது.